ஈரப் பந்து

எச்சில் சொட்டும் பந்து அம்மாவின் மடியில் விழுந்தது. தைத்துக்கொண்டிருந்த வாடிக்கையாளரின் சட்டை நனைந்துவிட்டது.

"மறுபடியுமா? உன் மண்டையில என்ன களிமண்ணா?" என்று நாயை அதட்டினாள்.

அப்பா சிரித்தார். "வாத்தியாரம்மா நீதானே?"

"பாப்பா வீசினா பாப்பாகிட்டயே குடுக்கணும்னுதான் பழக்கினேன். ரெண்டும் விளையாடினா நான் நிம்மதியா தைக்கலாமேன்னு. இப்போ கொஞ்ச நாளா இதுக்குப் புத்தி பிசகிப்போச்சு."

பந்தை வேலிக்கு அப்பால் எறிந்தாள். நாயைக் கொல்லையில் கட்டிவிட்டுத் திரும்பினால், மகள் நின்றிருந்தாள். கையில் ஒரு பிஸ்கட், கண்ணில் நீர்.

"அதைத் திட்டாதம்மா. அது சரியாத்தான் செஞ்சுது."

"என்னடி சரி?"

"அம்மாகிட்ட குடுத்தா பிஸ்கட் தருவேன்னு நான்தான் பழக்கினேன். நான் கூப்பிட்டா நீ வரமாட்டேங்கிற. பந்து வந்தா விளையாட வருவேன்னு நினைச்சேன்."

அம்மா நாயை அவிழ்த்துவிட்டாள். வேலியைச் சுற்றிப் போய், புதரில் கிடந்த பந்தைத் தேடி எடுத்து வந்து மகளிடம் கொடுத்தாள்.

மகள் முகம் மலர்ந்து, அந்த பிஸ்கட்டில் பாதியை உடைத்து அம்மாவின் வாயில் வைத்தாள்.