மரத்த கால்

கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடும் மன்சூரின் குதிரை மூன்று மாதமாக இடது முன்காலை நொண்டியது. லாடம் அடித்த மைத்துனன்தான் ஆணியை ஆழமாக இறக்கிவிட்டான் என்று சண்டை போட்டு, அவனோடு பேச்சையே நிறுத்தியிருந்தார்.

"வலி எங்கேன்னு குதிரையையே கேட்டுடலாம்," என்றார் கால்நடை டாக்டர் பூங்கோதை. இடது குளம்புக்குச் சற்று மேலே, பின்பக்கத்தில், மரத்துப்போகிற மருந்தை மெல்லிய ஊசியால் ஏற்றினார். பத்து நிமிடம் கழித்துப் பேனா முனையால் அங்கே அழுத்தினார். குதிரை அசையவில்லை.

மன்சூர் அதைச் சிமெண்டுத் தரையில் ஓட்டிக்கொண்டு போனார். இடது கால் திடமாக ஊன்றியது. ஆனால் வலது கால் தரையில் பட்டபோதெல்லாம் தலை விசுக்கென்று மேலே போனது.

"இப்ப அந்தக் காலை நொண்டுதே டாக்டரம்மா! அதுல ஊசியே போடலியே!"

"ரெண்டுலயும் வலி இருந்திருக்கு. ரொம்ப வலிச்சதைத்தான் நமக்குக் காட்டியிருக்கு. ஆணி ரெண்டு கால்லயுமா ஏறியிருக்கும்?"

மன்சூர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

வலது காலுக்கும் ஊசி போட்டதும் குதிரை கொஞ்ச நேரத்தில் நேராக நடந்தது. பிறகு காதுகளை நிமிர்த்திக் கடல் பக்கம் திரும்பியது.

"மருந்து இருக்கிற வரைக்கும் ஓட விட்றாதீங்க. வலி தெரியாம காலைக் கெடுத்துக்கும்," என்றார் டாக்டர்.

மன்சூர் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தார். குதிரை அவரை மெதுவாக இழுக்கத் தொடங்கியது.