ஏமாறாதவர் கேடயம்

தணிகைவேல் வேலை பார்க்கும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம், உறவினர் குரலில் போலியாகப் போன் போட்டு ஊழியர்களைச் சோதிக்கும். அவர் ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை. ஆடி மாதம் ஓர் இரவு மகள் பூங்கோதை போனில், "வண்டி கவுந்துடுச்சுப்பா, சீக்கிரம் வாங்க" என்று அழுதபோதும், "வேற ஆளப் பாருங்கய்யா" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அது சோதனை இல்லை. விடிந்த பிறகுதான் உடல் கிடைத்தது.

ஆண்டு விழாவில், நிறுவனம் இலவச வகுப்பு நடத்தும் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

"இப்ப நேர்லயே பாருங்க பிள்ளைங்களா, சாரை யாராலயும் ஏமாத்த முடியாது" என்றார் மேலாளர். சோதனைப் போன் போடும் இயந்திரம் தானே ஒரு உறவினர் குரலைத் தேர்ந்தெடுத்தது. போன் அடித்தது.

"அப்பா, எங்கப்பா இருக்கீங்க?"

"இதோ வந்துட்டேன் கண்ணு!" கேடயத்தைப் போட்டுவிட்டு அவர் மேடையிலிருந்து இறங்கி ஓடினார். "வச்சிராதம்மா, வச்சிராத!"

"ஏமாந்துட்டாரு டோய்!" என்று பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.