உள்ளங்கையில் ஒரு துளி

கரண்டியிலிருந்து ஒரு துளி குழம்பை அவள் கணவருடைய உள்ளங்கையில் விட்டாள்.

அவர் நக்கினார்.

"உப்பு?"

"சரி."

அவள் நம்பவில்லை. ஆனால் வேறு நாக்கு வீட்டில் இல்லை.

அது அவரைக்காய்க் குழம்பு. அவள் வாயில் வைக்கக் கூடாது.

புரட்டாசியில் இருவரும் காசிக்குப் போனார்கள். போகிறவர்கள் பிடித்த காய் ஒன்றைக் கங்கையில் விட வேண்டும். பிறகு ஆயுசுக்கும் அதைச் சாப்பிடக் கூடாது.

அவர் பாகற்காயை விட்டார். பிறந்ததிலிருந்து அவர் பாகற்காய் சாப்பிட்டதில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று, முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு விட்டார்.

அவள் அவரைக்காயை விட்டாள்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அது மகளுக்குப் பிடித்த காய்.

செண்பகா இரண்டு வருடம் முன்பு தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டாள். இருப்பது தூரத்தில் இல்லை. இவர்கள் இருக்கும் பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். அவள் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று அவர் அன்றைக்குச் சொன்னார்.

மனைவி எடுக்கவில்லை.

ஒன்றை மட்டும் இருவரும் மறந்துபோனார்கள். காசிக்குக் கிளம்பும் முன்பே, ஆடியில், அவள் கொல்லையில் நாலு விதை ஊன்றியிருந்தாள்.

கொடிக்குக் காசி தெரியாது.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. கொடி சுவரேறி, மோட்டார் ரூமை மூடி, துணி காயப்போடும் கம்பி வரை போனது. மார்கழி பிறந்ததும் காய்த்துக் கொட்டியது. காலையில் ஒரு கூடை பறித்தால் மறுநாள் காலையில் இன்னொரு கூடை.

பிஞ்சைத் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தாள். பாசிப்பருப்போடு கூட்டு. மறுநாள் உசிலி. மார்கழி துவாதசிக்கு அவியல். முற்றியதை உரித்து, கொட்டையை மட்டும் எடுத்துப் புளிக்குழம்பு. மிஞ்சியதை உப்புப் போட்டு வேகவைத்து, மாடியில் வற்றலுக்குக் காயவைத்தாள்.

ஒவ்வொன்றிலும் ஒரு துளி, ஒரு துண்டு, அவர் கைக்கு வந்தது.

அவள் ரசமும் அப்பளமும் சாப்பிட்டாள்.

முப்பத்திரண்டு வருடமாக அவர் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதும் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி" என்றார்.

ஒருநாள் கூட்டு பக்கத்து வீட்டுக்குப் போனது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க சுடலைமுத்துவே வந்தார்.

"அண்ணாச்சி, கூட்டு வீட்டுல வச்சதா, தூத்துக்குடி உப்பளத்துல வச்சதா?"

அவர் போன பிறகு அவள் அடுப்படியிலிருந்து சொன்னாள்.

"இனிமேயாவது நாக்குல வச்சுப் பார்த்துச் சொல்லுங்க. நீங்க காசியில விட்டது பாகற்காயத்தான். நாக்கை இல்ல."

அன்றிலிருந்து அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ருசி பார்த்தார்.

நாலு நாளில் பழகிவிட்டது. உப்பு ஒரு கல் குறைந்தாலும் தெரிந்தது. உசிலியில் பருப்பு கரகரப்பாக அரைந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. அவியலில் தயிர் புளித்தது தெரிந்தது. பிஞ்சு அவரைக்காயில் கடைசியாக ஒரு சின்ன இனிப்பு வரும். அதுவும் தெரிந்தது. அதை அவளிடம் சொன்னார்.

"தெரியும்," என்றாள். "நான் சாப்பிட்டிருக்கேன்."

காய் நிற்கவில்லை. தெருவில் எட்டு வீட்டுக்குப் போனது. பால்காரருக்கும் கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கும் போனது.

"அண்ணாச்சி, நீங்க பையோட வந்தா நான் ஊர்லயே இல்லன்னு சொல்லச் சொல்லியிருக்கா எங்க வீட்டுல," என்றார் சுடலைமுத்து. சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டார்.

இதெல்லாம் போக, தினமும் காலையில் அவள் ஒரு மஞ்சள் பையில் நல்ல பிஞ்சாகப் பொறுக்கிப் போட்டு வாசல் கொக்கியில் மாட்டினாள். யாருக்கு என்று சொல்லவில்லை.

அவர் பஸ் ஸ்டாப் பக்கம் டீ குடிக்கப் போவார். பையைப் பார்ப்பார். எடுக்காமல் போவார்.

சாயங்காலம் அந்தப் பை இஸ்திரிக்காரருக்குப் போய்விடும்.

பொங்கல் வந்து போனது. பை மட்டும் தினமும் ஏறி இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை. மாடியில் வற்றலைக் கிளறிவிட்டு அவர் இறங்கி வந்தார். பாதிப் படியில் மூக்கில் ஏறியது.

நெத்திலிக் கருவாடு. கூட அவரைக்காய்.

இரண்டு வருடமாக இந்தக் குழம்பு இந்த வீட்டில் வைக்கவில்லை. ஹாஸ்டலிலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே மகள் சட்டியைத் திறந்து பார்ப்பாள். இன்னும் காரம் போடச் சொல்வாள். அதைச் சாப்பிட்டு அவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும். 'ஒரு மிளகாய்க்கே அழுறீங்களேப்பா' என்று சிரிப்பாள்.

அவர் அடுப்படி வாசலில் நின்றார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கரண்டியை மட்டும் நீட்டினாள்.

அவர் கையை நீட்டினார். ஒரு துளி.

"உப்பு?"

"சரியா இருக்கு."

அவள் அடுப்பை அணைக்கப் போனாள்.

"காரம் பத்தாது," என்றார்.

"உங்களுக்கு இதுவே அதிகம்."

"செண்பகாவுக்குப் பத்தாது."

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

அவள் மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தாள். மூடி உடனே திறக்கவில்லை. அவர் வாங்கித் திறந்து கொடுத்தார். ஒரு ஸ்பூன் போட்டாள். அவரைப் பார்த்தாள். இன்னும் அரை ஸ்பூன் போட்டாள்.

கொதி வந்ததும் மறுபடி ஒரு துளி.

அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"இப்ப?"

தலையை ஆட்டினார். பரணில் கிடந்த தூக்குச்சட்டியை ஸ்டூல் போட்டு அவரே இறக்கினார். அவரே கழுவினார்.

சாயங்காலம் இஸ்திரிக்காரர் வழக்கம்போல வாசலில் வந்து நின்றார்.

கொக்கியில் பை இல்லை. கதவு பூட்டியிருந்தது.