விரால் போன வழி

“கெண்டைத் தொட்டியில ஒண்ணுகூட கொறையல. விரால் தொட்டியில மட்டும் தெனம் ரெண்டு கொறையுது. இன்னாய்யா கதை?”

உறுவையாறு கிராமத்தில் மீன் பண்ணை வைத்திருக்கும் நாகராஜன், காவல்காரர் சாமிக்கண்ணுவைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் ஒடம்புவாகு மொதலாளி. கெண்டை பலகையாட்டம் பட்டை. தரையில வுட்டா போட்ட எடத்துலயே துள்ளும். விரால் உருட்டு ஒடம்பு. எம்பிக் குதிச்சி, பாம்பாட்டம் நெளிஞ்சி வயலுக்குப் பூடும்.”

நாகராஜன் லேசில் நம்புகிற ஆளா? இரண்டிலும் ஒவ்வொன்றை எடுத்து ஈர வரப்பில் விட்டுப் பார்த்தார். கெண்டை விழுந்த இடத்திலேயே தபதபவென்று குதித்தது. விரால் ஜம்மென்று நெளிந்து நெற்பயிருக்குள் போயே போய்விட்டது.

“இன்னிக்கு மூணு,” என்றார் சாமிக்கண்ணு.

அன்றே தொட்டிமேல் வலை கட்டினார் நாகராஜன். மறுநாளும் இரண்டு குறைந்தது.

“சப்பைத் தலைங்க. வலைய நெம்பிக்கினு...”

“நாளைக்கும் கொறைஞ்சா, நீயும் நெளிஞ்சி உன் வூட்டுக்குப் போய்க்கினே இரு!”

மதியம் சாப்பிடப் போவதுபோல் போய், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நினைத்தது சரிதான். சாமிக்கண்ணு இரண்டு விராலை ஒயர் கூடையில் போட்டு, சைக்கிளில் மாட்டிக் கிளம்பினார்.

நாகராஜன் தொப்பை குலுங்கக் குறுக்கு வரப்பில் ஓடினார். கையும் மீனுமாகப் பிடித்து இன்றைக்கே சீட்டைக் கிழித்துவிட வேண்டும்.

சைக்கிள் போய் நின்றது, நாகராஜன் வீட்டுத் தோட்டத்தில்!

“கொழம்பு வெச்சி பாப்பாவுக்குக் குடுங்கம்மா. ஆபரேஷன் பண்ணி புள்ள பெத்த ஒடம்பு. தையல் சீக்கிரம் ஆறும்.”

“நல்லா இருப்பீங்கண்ணே,” என்றாள் நாகராஜனின் மனைவி ருக்குமணி. “நான் கேட்டா, விக்கிற மீனு வூட்டுக்கு இன்னாத்துக்குன்றாரு. பெத்த பொண்ணுக்குக் குடுக்க மனசு வரல. உங்க வேலை போயிடப் போவுது, பாத்துக்குங்க.”

வேலிக்கு இந்தப் பக்கம் நாகராஜனை வெட்கம் பிடுங்கித் தின்றது. மூச்சுக் காட்டாமல் வந்த வழியே திரும்பினார்.

மறுநாள் காலை சாமிக்கண்ணு தலையைச் சொறிந்தார். “ரெண்டு கொறையுதுங்க மொதலாளி.”

“கொறையும்யா. நீ சொன்னது நெசந்தான். நேத்து போனத நானே கண்ணால பாத்தேன்.”

நாகராஜன் தொட்டிமேல் கட்டியிருந்த வலையை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தார்.

“சைக்கிள் ஏறத் தெரிஞ்ச மீனுக்கு வலை எதுக்கு? இன்னிலேர்ந்து மூணா போவச் சொல்லு. ஒண்ணு உன் வூட்டுப் பக்கம் நெளியட்டும்!”