அவளுக்குத் தெரியக் கூடாது

"பழைய சாஃப்ட்வேரையே திரும்பப் போட்டுக் கொடுங்கம்மா. என் மனைவிக்குத் தெரியக் கூடாது."

செல்போன் ரிப்பேர் கடைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை.

"புதுசுல என்ன கோளாறு?"

"முன்னாடி அவ பேசறதையெல்லாம் சத்தமில்லாம ரெக்கார்டு பண்ணிடும். முந்தாநாள் தானாவே அப்டேட் ஆயிடுச்சு. இப்போ யார் கூப்பிட்டாலும், 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது'ன்னு ஒரு பொம்பளை ரெண்டு பக்கமும் கேக்கற மாதிரி சொல்றா."

"அந்தப் பொம்பளை நியாயத்தைத்தானே சொல்றா?"

அவர் போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

இந்த வயதிலும் கட்டினவளை வேவு பார்க்கிற புத்தி! கடைக்காரிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தொழில் தொழில்தானே. இந்த மாடல் இரண்டு விதமான மோடம் சிப்போடு வருகிறது. ஒன்றில் பழசுக்குத் திரும்பலாம், இன்னொன்றில் முடியாது. செட்டிங்ஸுக்குள் போய், சிப்பின் விவரம் சொல்லும் பேஸ்பேண்ட் வரியைப் பார்த்தாள். முதல் இரண்டு எழுத்திலேயே எந்த சிப் என்று தெரிந்துவிட்டது. அவளுக்கு உள்ளூர சந்தோஷம்.

"முடியாது சார். சிக்னல் பிடிக்கிற சிப்பு, நகத்துல பாதிகூட இருக்காது. புது சாஃப்ட்வேர் ஏறினதும் அதுக்குள்ள கண்ணுக்கே தெரியாத ஃபியூஸ் ஒண்ணை எரிச்சு விட்டுடும். அப்புறம் பழசைக் கொடுத்தா வாங்கிக்காது. செஞ்சவனே வந்தாலும் எரிஞ்சது எரிஞ்சதுதான்."

எத்தனை பேரிடம் சொன்னாலும், இதைச் சொல்லும்போது அவளுக்கே உடம்பு சிலிர்க்கும்.

அவர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"சந்தேகம்னா வீட்டுல நேராவே கேட்டுடலாமே சார்?"

"சந்தேகமா?" அவர் நிமிர்ந்தார். "அடுத்த வாரம் அவளுக்குத் தொண்டையில ஆபரேஷன்மா. குரல்வளையையே எடுக்கணுமாம். அப்புறம் பேச்சு கிடையாது. பதிவு பண்றேன்னு சொன்னா வாயைத் திறக்க மாட்டா, அழுதுடுவா. அதான் மத்தியானம் ஆபீசுக்கு அவ கூப்பிடும்போது, அவளுக்குத் தெரியாம..."

கடைக்காரிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மனைவிதான்.

"வேண்டாம்மா, எடுக்காதீங்க. ரெண்டு நாளா நான் எடுக்கறதே இல்லை."

"இருக்கிற ஒரு வாரத்தையும் எடுக்காமலே விட்டுடப் போறீங்களா?" என்று அவளே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவர் முன்னால் வைத்தாள்.

'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது.'

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

மறுமுனையில் இருமல். பிறகு கரகரப்பான ஒரு குரல்.

"ஓஹோ, இதுக்குத்தான் ரெண்டு நாளா மீட்டிங் மீட்டிங்னு போனை எடுக்கலையா? நீங்க பதிவு பண்றது எனக்கு எப்பவோ தெரியும். டாக்டர் பேசவே கூடாதுன்னு சொல்லியும், தினம் அரை மணி நேரம் உங்களைத் திட்டித் தீர்த்தேனே... எதுக்குன்னு நெனச்சீங்க?"