சாமிப் படத்துப் பல்பு

மலையூர் வீடு, மார்கழிக் குளிர். காலை ஆறு மணிக்கு கீசர், ரூம் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி மூன்றும் ஒன்றாகச் சூடேறின.

"ஒவ்வொருத்தரா வாங்களேன், தாங்க முடியலை!" என்று ஃபியூஸ் கம்பி கெஞ்சியது.

"எனக்குத்தான் அவசரம். மத்தவங்களை நிறுத்தச் சொல்லு" என்றது கீசர். ஹீட்டரும் அதையே சொன்னது. இஸ்திரிப் பெட்டி காதிலேயே வாங்கவில்லை. பட்டென்று ஃபியூஸ் போனது. வீடே இருட்டு.

"எல்லாம் இந்தச் சாமிப் படத்து ஜீரோ வாட் பல்பாலதான். ராப்பகலா எரியுதே!" என்று மூன்றும் பாய்ந்தன.

"சரி, நாளைக்கு நான் எரியலை. போதுமா?" என்றது பல்பு.

மறுநாள் புதுக் கம்பி. பல்பு அணைந்தே இருந்தது. மூன்றும் நிம்மதியாகச் சேர்ந்து சூடேறின.

பட்!

மறுபடி வீடே இருட்டு. கீசர் மெல்லக் கேட்டது:

"இன்னிக்கு யாரைத் திட்டுறது?"