கஞ்சிராக்காரனின் தாகம்

"அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா."

கல்யாணப் பந்தலில் மேடையோரம் உட்கார்ந்திருந்த பஞ்சாட்சரம், கஞ்சிராவை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான். பெண்ணின் தாயார் அபயாம்பாள் பதறிப்போனாள்.

"கச்சேரிக்கு வந்தவாளுக்கு வெறும் தண்ணியா குடுப்பா? இருங்கோ!"

உள்ளே ஓடி, வெள்ளி டம்ளரில் மோர் கொண்டுவந்து நீட்டினாள். பஞ்சாட்சரம் டம்ளரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டான்.

சில வருஷம் முன்பு வரை மயிலாப்பூரில் கஞ்சிராவுக்கு மரியாதை வாசலோடு சரி. உடும்புத் தோலாயிற்றே, உள்ளே விடலாமா? கால்வாய்க்கரை பஜனைக் கோஷ்டியோடு பஞ்சாட்சரம் தெருத் தெருவாகத் தட்டிக்கொண்டு போவான். இப்போதோ சபாக்காரர்களே கஞ்சிராவைத் தேடுகிறார்கள். கிராமபோன் பிளேட்டில்கூட அது கேட்கிறது. கஞ்சிரா இல்லாத கச்சேரி என்றால் சம்பந்தி வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

அவனுக்கு இதுதான் முதல் மேடை. நன்றாக வாசித்தால் நாலு பேர் கூப்பிடுவார்கள். சொதப்பினால் பழையபடி தெருதான்.

மறுபடியும் தட்டிப் பார்த்தான். முகம் வாடிவிட்டது.

"அம்மா... தண்ணி..."

பானகம் வந்தது. அதையும் குடித்தான்.

அபயாம்பாளின் கணவர் சுப்புராயர் அவள் காதைக் கடித்தார். "பயத்துல நாக்கு வறண்டு போச்சுடி அவனுக்கு. இவன் எங்கே வாசிக்கப் போறான்? எழுந்துக்கச் சொல்லிடறேன்."

"சித்திரை வெயில்ல தாகம் எடுக்காதா? சும்மா இருங்கோ!"

மேடையில் பாகவதர் சுருதி சேர்த்துவிட்டுத் திரும்பினார். "என்னப்பா, ஆரம்பிக்கலாமா?"

"ஒரே ஒரு வாய் தண்ணி, சாமி..."

இந்தத் தடவை வந்தது ரோஜா சர்பத். அதைக் கையில் வாங்கியவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சுப்புராயருக்குப் பொறுமை போய்விட்டது. "இத்தனை குடிச்சும் அடங்கலையா? எழுந்திரும் ஐயா! வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

பஞ்சாட்சரம் சர்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினான்.

"கோச்சுக்காதீங்க சாமி. எத்தினி வருசமா இந்தத் தெருவுல தட்டிக்கினு போயிருப்பேன்! ஒரு தபாகூட யாரும் உள்ள கூப்ட்டு ஒரு வாய் மோர் குடுத்ததில்ல. இந்தம்மா வெள்ளி டம்ளர்ல குடுக்கும்போது வேணாம்னு சொல்ல வாய் வர்லீங்க. இவங்க புள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்."

பிறகு கஞ்சிராவைத் திருப்பி, அதன் உட்புறத்தை அபயாம்பாளிடம் காட்டினான்.

"எனக்குத் தாகமே இல்லம்மா. வெயில்ல தோல் காஞ்சி முறுக்கிக்கினு கீது, நாலு சொட்டு தடவுனாத்தான் சுதி எறங்கும். நான் தண்ணி கேட்டது இதுக்கும்மா!"